இடது காலில் தொடங்கிய புஷ்பாஞ்சலி

1. எதிரே நிற்கும் வேலை

நடனம் படிப்பிக்க வந்திருக்கும் இளம் ஆசிரியைகளே, பாடசாலையில் நமக்குச் சம்பளம் கொடுப்பது ஆடுவதற்கு அல்ல. மாத்தளையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது எனக்கு விளங்கிவிட்டது. மேசைகளைச் சுவரோரம் தள்ளி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "வலது கால் முதல்ல" என்று சொல்லித் தட்டிக் காட்டினேன். பாதிப் பிள்ளைகள் இடது காலைத் தட்டினார்கள். நான் எதிரே நிற்கிறேன் அல்லவா, என் வலது கால் அவர்களுடைய இடது பக்கத்தில் தெரிகிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் நானே இடது காலைத் தட்டினேன். எல்லோரும் சரியாக வலது காலைத் தட்டினார்கள்.

அன்று தொடக்கம் ஓய்வு பெறும்வரை வகுப்பில் எல்லாவற்றையும் மாற்றிப்போட்டே ஆடினேன். வாய் வலது என்று சொல்லும், கால் இடதில் போகும். பாடசாலை நடன ஆசிரியைகள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

2. பத்மா மேடம்

பத்மாவும் நானும் சிறு வயதில் ஒரே டீச்சரிடம் பழகியவர்கள். முழங்காலை மடக்கி, பாதி அமர்ந்தபடி ஆடும் அரைமண்டி என்னுடையதுதான் நன்றாக இருக்கும். இதை நான் சொல்லவில்லை, டீச்சரே சொன்னார். "பத்மா, சரோஜாவப் பாத்து உக்காரு!" என்று அவர் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

ஆனால் மேடை மேடையாக ஊர் சுற்றி ஆடியவள் பத்மா. நான் வகுப்பறைச் சோக்குத் தூளில் நின்று அடவு சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் பல்லேபொலையில் மிளகும் சாதிக்காயும் நிறைந்த தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்து குடியேறினாள். நடனம் பற்றிப் புத்தகங்கள் எழுதினாள். அவற்றில் ஒன்றில் அரைமண்டிக்கே ஓர் அத்தியாயம்! பிழை பிடிக்கலாம் என்று ஒரே மூச்சில் வாசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போட்டிக்கு உடுப்புக் கேட்டு அதிபரிடம் போனால் அவருக்கு ஒரே பதில்தான்.

"டீச்சர், பத்மா மேடத்துக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்துப் பாருங்களேன். அவங்க மாட்டேன்னு சொல்லவே மாட்டாங்க."

மாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. உடுப்பு வரும், சலங்கை வரும், மிருதங்கக்காரர் வேனில் வந்து இறங்குவார். வருஷம் முழுக்க என்னிடம் திட்டு வாங்கிப் பழகிய பிள்ளைகள், "மேடம் வந்துட்டாங்க!" என்று அவளைச் சுற்றிக்கொள்ளும். பத்திரிகைப் படத்தில் அவள் நடுவில் இருப்பாள், ஓரத்தில் என் முழங்கை தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது?

3. உக்குவளை மண்டபம்

நான் ஓய்வு பெற்ற பிறகு உக்குவளையில் பத்மா ஒரு நடன மண்டபம் கட்டினாள். டைல்ஸ் பதித்திருப்பாள், அதில் ஆடினால் முழங்கால் போய்விடும், முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று ஆசையோடு பார்க்கப் போனேன். நல்ல மரத்தளம் போட்டிருந்தாள்.

"சரோ, திறப்பு விழாவில முதல் ஆட்டமா புஷ்பாஞ்சலிய நாம ரெண்டு பேரும் ஆடுவோமா?" என்றாள்.

முழங்கால் வலி என்று தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் ஒரே மேடை, ஒரே ஜதி, பக்கத்தில் பத்மா. யார் நல்ல ஆட்டக்காரி என்று ஒரு தடவையாவது மாத்தளைக்காரர்கள் பார்க்கட்டும். அந்த ஒரு ஆசைக்காகச் சம்மதித்தேன். அவள் வீட்டு முற்றத்தில் மிளகுக்கொடிகளைப் பார்த்தபடி ஒத்திகை செய்தோம். எனக்கு ஒரு தாளமும் தவறவில்லை.

விழா அன்று திரை விலகியது. மேடைக்கு முன்னால் பாயில் என் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருதங்கம் தொடங்கியது. எதிரே பிள்ளைகள் வரிசையைக் கண்டதும் என் உடம்புக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. இடது கால் தட்டியது, இடது கை விரிந்தது. பக்கத்தில் பத்மா சரியாக வலது பக்கம் ஆடிக்கொண்டிருந்தாள்.

எல்லோர் முன்னாலும் அடவு தெரியாதவள் ஆகிவிட்டேனே! வலதுக்கு மாறப் பார்த்தேன். முகத்தில் சிரிப்புக் குறையாமல் பத்மா முணுமுணுத்தாள்.

"மாத்தாத சரோ. அப்பிடியே போ."

போனேன். என் கை இடது மூலையில் பூத்தூவ, அவள் கை வலது மூலையில் தூவியது. கடைசியில் இருவரும் சபையைப் பார்த்துக் கும்பிட வேண்டிய இடத்தில் அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். முகத்துக்கு முகம் கும்பிட்டு முடித்தோம். சபை எழுந்து கைதட்டியது.

கல்வி அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்தார். "என்ன கற்பனை மேடம்! கண்ணாடில பாக்குற மாதிரியே இருந்திச்சு!"

பத்மா மைக்கை வாங்கினாள். "என்னோடது இல்லைங்க. சரோஜா டீச்சர் அமைச்சது. அவ போன போக்குல நான் ஆடினேன், அவ்வளவுதான்."

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

4. முந்திக்கொண்டவள்

இப்போது சுற்றுவட்டப் பாடசாலைகளில் அந்தக் கண்ணாடிப் புஷ்பாஞ்சலியைப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அறிவிப்பில் 'அமைப்பு: திருமதி சரோஜா' என்று சொல்கிறார்கள். உடுப்பும் சலங்கையும் பிள்ளைகளுக்குத்தானே, எனக்கென்று அவளிடம் எதுவும் வாங்கவில்லை என்ற வீறாப்பு ஒன்று எனக்கு இருந்தது. அதுவும் போயிற்று.

பொறுக்க முடியாமல் பல்லேபொலைக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். "ஏன்டீ அப்பிடிச் சொன்ன? நான் பிழை விட்டேன்னு உனக்குத் தெரியும்தானே?"

பத்மா தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

"பிழை விட்டும்கூட உன் அரைமண்டி கொஞ்சமும் எழும்பல்ல. எனக்கு ரெண்டாவது ஜதிலேயே தொடை நடுங்கிருச்சு. டீச்சர் சத்தம் காதுல கேட்டுச்சு, உன்னப் பாத்து உக்காந்தேன். சின்ன வயசுல இருந்தே எனக்கு உன் மேல பொறாமைடீ, சரோ. எத்தனை மேடை ஏறியும் அது போகல்ல."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சீனிப் போத்தலை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். "சீனி போதும்" என்றேன்.

நான் படித்த பாடத்தை உங்களுக்குச் சொல்கிறேன். கிழமைக்கு ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடுங்கள், அப்போதுதான் உங்கள் வலது உங்களுக்கு மிஞ்சும். மற்றது, பொறாமை இருந்தால் காலத்தோடு சொல்லிவிடுங்கள். நான் ஆயுள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.