ஒன்பதாவது வேட்டு

சபையாரே, இந்தச் சாட்சியில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இல்லை. இருந்திருந்தால் எப்போதோ எழுந்து சொல்லியிருப்பேன்.

திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கடைசி மழைக்காலம். குலசேகரத்துக்கு அப்பால் ஒரு மலையைக் குடைந்து, சாலைக்காகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் ஓவர்சியர். வெடிமருந்து விதிகள் அத்தனையும் மனப்பாடம். பாறைக்கு வெடி வைக்கும் மேஸ்திரி தங்கையன். மரியாதை போதாது என்று அவன்மேல் இரண்டு முறை மேலே எழுதிப் போட்டிருந்தேன். அவனும் என்னைக் கண்டால் காறித் துப்புவான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே ஆலயத்தில் பாட்டுப் பாடுவோம்.

அன்று ஒன்பது குழிகளில் மருந்து வைத்திருந்தோம். ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு ரப்பர்க் கொட்டையை மடியில் போடுவது தங்கையனின் வழக்கம். சத்தம் ஓய்ந்ததும் மடியை விரித்துக் காட்டினான்.

“எட்டுதான் பொட்டிச்சு ஏமானே. ஒண்ணு உள்ள கெடக்கு.”

“ஒம்பது கேட்டேன்லே. எனக்கு எண்ணப் படிச்சுத் தர வாறியா?”

“மலை திருப்பிச் சொன்னதையும் சேத்து எண்ணினா பத்துகூட வரும்.”

கூலியாட்கள் சிரித்தார்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த விதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல், புகை அடங்கும் முன்பே விளக்கை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனேன்.

பாறையின் அருகே போனதும் மேலிருந்து ஒரு கல் சரிந்து என் கால்மேல் விழுந்தது. அசைக்க முடியவில்லை. விளக்கை உயர்த்தினேன். எதிரே ஒரு குழியில் திரி புகைந்துகொண்டிருந்தது.

“ஆண்டவரே, ஆள் அனுப்பும்!” என்று கத்தினேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. யாரை என்று அவர் கேட்டிருந்தால், தங்கையனைத் தவிர யாரை வேண்டுமானாலும் என்றிருப்பேன்.

தங்கையன்தான் வந்தான். கடப்பாரையால் கல்லை நெம்பினான். காலரைப் பிடித்து என்னை இழுத்தான். சுரங்கத்தின் வளைவைத் தாண்டி இருவரும் விழுந்தபோது ஒன்பதாவது வேட்டு வெடித்தது.

காது திறந்ததும் நன்றி சொன்னேன்.

“ஒமக்காவ ஒண்ணும் வரல்ல வோய். நீரு விளிச்சது எனக்க ஆண்டவரையாக்கும். கேட்டுக்கிட்டு சும்மா நிக்கப்பிடாதுல்லா?”

தவறு என்னுடையது என்று அன்றே அறிக்கை எழுதினேன். அவன்மேல் முன்பு எழுதிய புகார்களும் வீம்புக்கு எழுதியவை என்று அதிலேயே சேர்த்தேன். பதவி உயர்வு போயிற்று. தங்கையன் அதற்குப் பிறகும் என்னிடம் சிரித்ததில்லை. சிரிக்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

பிரியமானவர்களே, ஜெபத்துக்குப் பதில் வரும், நம்புங்கள். அதை யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்கு மனுப் போடாதீர்கள். நான் போட்டிருந்தால், இன்று உங்கள் முன்னால் நிற்க ஆள் இருந்திருக்காது.