பைத்தியக்கார பாய் என்று நாம் அழைத்த காதர்

"அண்ணன் மவுத்தாயிட்டாருங்க" என்று காதர் பாயின் தம்பி போனில் சாவுச் செய்தி சொன்னபோது, உப்பு லாரி ஒன்றை அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரத்துக்கு முன்புதான் அவரை நானே பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் 'பைத்தியக்கார பாய்'. வளைகுடா வேலையிலிருந்து தூக்கம் கெட்டுத் திரும்பியவர். சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பார். புதுச்சேரியில் வைத்தியம் பார்த்து, மாத்திரையில் தேறினார். நான் மேஸ்திரியாக இருக்கும் உப்புக் கொட்டகையில் ஒன்பது வருடம் மூட்டை தைத்தார். அவர் தைத்த மூட்டை பிரிந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை லாரி டிரைவர் ஒருவர், "எம் பையன் கிரிக்கெட்னா பைத்தியம் சார்" என்று பெருமையடித்தார். காதர் பாய் ஊசியை நிறுத்திவிட்டு, "அந்தப் பையனுக்கு அது பெருமை. எனக்கு அதான் அட்ரஸு. காதர் வூடு எதுன்னு கேட்டா ஊர்ல எவனுக்கும் தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இறந்த அன்று காலை அவர் கொட்டகை ஓரம் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை.

"நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுப்பா."

'யாரோ' என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. "மாத்திரை போட்டீங்களா பாய்?"

"போட்டேன். இது அது இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"பைத்தியம் மாதிரி பேசாதீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

கோபத்தில் சொல்லவில்லை. தினமும் யாரிடமாவது சொல்கிற வார்த்தைதான். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் அவரை ஏற்றிவிட்ட பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்.

அடக்கம் முடிந்து வரும்போது தம்பி கேட்டார். "உங்ககிட்ட என்ன சொன்னாருங்க?"

எதையும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர், "வீட்டுக்கு வந்து எங்ககிட்டயும் அதேதான் சொன்னாரு. நாங்களும் அந்த மாத்திரையைத்தான் எடுத்துக் குடுத்தோம்" என்றார்.

'பைத்தியம்' என்ற அந்த வார்த்தையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். நேற்றுகூட என் மகளைக் கொஞ்சும்போது வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். எனக்குக் காதர் பாயின் முகம் வந்தது. என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை நம்பி வீட்டுக்குக் கிளம்பிய முகம்.