திறக்கக் கூடாதென்று விற்ற ஷாக்

முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வைத்த சைக்கிள் எங்கள் பக்கம் பரவியது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். விற்றவர்கள் நிறையப் பேர். அதைக் கழற்ற எந்தக் கருவி வேண்டும் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. சைக்கிள் வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

1. பேச்சியம்மாளின் மணிக்கட்டு

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்கு அடுத்த ஊரில், வீட்டு வாசலிலேயே நான் சைக்கிள் ரிப்பேர் பார்த்து வந்தேன். பேச்சியம்மாள் எங்கள் தெரு. பட்டாசு கம்பெனியில் வேலை. ஒரு முறை பக்கத்து ரூமில் தீப்பிடித்தபோது, ஓடி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கம்பெனிக்குப் போகும் மண்பாதையில் ஒவ்வொரு குழியும் அந்தக் கையில்தான் இறங்கும். அதற்காகவே விருதுநகரில் ஒரு ஷோரூமில் ஷாக் சைக்கிள் வாங்கினாள்.

ஒரு வருஷத்தில் ஷாக் இறுகிவிட்டது. தீபாவளி சீசன் நேரம். கை வலி தாங்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போய்த் தினமும் பிந்தினாள். இனிப் பிந்தினால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று போர்மேன் சொல்லிவிட்டார்.

தெரிந்த லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு இருவரும் ஷோரூமுக்குப் போனோம். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஷாக்கு கழட்டுற ஐட்டமே இல்லம்மா. புது ஃபோர்க்குதான் மாத்தணும். ஆர்டர் போட்டா தீபாவளி கழிச்சு வரும்."

"பட்டாசு கம்பெனிக்கு இதுலதான போகணும். அதுவரைக்கும் நான் என்ன செய்ய அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும் வெல்டு வச்சுருங்க. ஆடாம நிக்கும்."

"ஆடணும்னுதான அண்ணாச்சி வாங்குனேன்."

"ஓட்ட ஓட்டப் பழகிரும்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியைப் பார்த்தேன். இரண்டு கால்களிலும், குழிக்குள் ஆழத்தில், ஆறு பட்டைத் துளையோடு ஒரு போல்ட் தெரிந்தது. கழற்றக் கூடாத சாமானுக்குப் போல்ட் எதற்கு? கேள்வி வாய்வரை வந்தது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேச்சியம்மாள் படியிறங்கியதும் சொன்னாள்: "நீங்களும் சேந்து தலையாட்டிட்டு வாரீக, நல்ல தொணை."

2. கருவி தேடியது

ஆறு பட்டைத் துளைக்கு என்னிடம் இருந்த எல் வடிவ அலன் கீ அந்தக் குழிக்கு எட்டவில்லை. சிவகாசியில் இரும்புக்கடைகளில் 'ஷாக்கு கழட்டுற சாமான்' என்று கேட்டேன். பெயர் தெரியாமல் கேட்டால் என்ன கிடைக்கும்? ஒரு கடையில் குழாய் திருகும் பைப் ரிஞ்சை நீட்டினார்கள். இன்னொரு கடையில் சிரித்தார்கள். பட்டறைக்காரர் ஒருவர் கேஸ் வைத்துச் சூடு காட்டினால் தானாக விட்டுவிடும் என்றார்.

திரும்பும் வழியில் ஒரு அச்சகத்தில் ஃபிட்டர் ஒருவர் ஆப்செட் மிஷினுக்கு அடியில் கையை விட்டுப் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். கையில் நீளக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. வாசலிலேயே நின்றேன்.

"என்னலே, காலண்டர் ஆர்டரா?"

"இல்லண்ணே. அந்தக் கம்பி."

"இது டி அலன் கீ. இதுக்கா இம்புட்டு நேரம் நிக்கே? நான் என்னமோ பொண்ணு கேக்க வந்திருக்கன்னுல்ல நெனச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது என்று சொல்லி, திங்கள் காலையில் திரும்ப வந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு கொடுத்தார். எனக்குத் தேவைப்பட்ட கருவி அந்த ஊரில் எத்தனை அச்சகங்களில் இருந்திருக்கும். சைக்கிள் விற்ற கடையில் மட்டும் இல்லை.

3. உள்ளே இருந்தது

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றினோம். ஷாக்கை அழுத்திப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் ராடும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். பேச்சியம்மாள் முழங்கைகளை ஊன்றி முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள். டி கீ குழிக்குள் இறங்கிக் கடித்தது. போல்ட் விட்டது.

ஸ்பிரிங்கும் ரப்பர் துண்டும் புதுசு போல இருந்தன. கிரீஸ்தான் காய்ந்திருந்தது. அதோடு ஷாக்கின் மேல் மாட்டியிருந்த ரப்பர் உறைக்குள் வெள்ளிப் பொடி அப்பிக் கிடந்தது. அலுமினியப் பவுடர், கூடவே வேறென்ன மருந்தோ. வேலைச் சேலையை மூட்டையாகக் கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுத்தான் அவள் தினமும் வீடு திரும்புவாள். அதிலிருந்து உதிர்ந்ததுதான்.

அவள் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுலயா அண்ணே அந்த ஷோரூம்காரரு வெல்டு நெருப்பு வைக்கச் சொன்னாரு?"

பட்டாசு கம்பெனிக்குப் போகும் சைக்கிள் என்று தெரிந்தும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத ஒருவர், வெல்டு வை என்று உட்கார்ந்த இடத்தில் இருந்து சொல்லிவிட்டார்.

ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். ரப்பர் உப்பிவிடும் என்பதால் மண்ணெண்ணெயைத் தொடவில்லை. புது கிரீஸ் பூசினேன். தூசி தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். இரும்பு பைப்பை வைத்துத் தட்டினால் சீல் கிழியும். விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் எழும்பியது.

"இருங்க வாரேன்" என்று வீட்டுக்கு ஓடினாள். வாண வெடிக்குச் சுற்றும் தடித்த காகிதக் குழாய்கள் நாலைந்தைக் கொண்டுவந்தாள். மருந்து அடைக்காமல் கம்பெனியில் கழித்துப் போட்டவை. பிள்ளைகள் விளையாட வைத்திருந்தாள். "எது அளவுக்குச் சேரும்னு பாருங்க."

மூன்றாவது குழாய் சரியாக உட்கார்ந்தது. மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. சீல் ஒரே சீராக இறங்கியது.

திங்கட்கிழமை அவள் சைக்கிளில் ஏறிப் போனாள். தெருமுனைப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினாள். திரும்பிப் பார்த்து இடது கையை ஆட்டினாள். சீசன் முடியும்வரை பிந்தவில்லை.

4. ஆள் வந்தது

பெயர் தெரிந்துவிட்டதால் மதுரையில் அதே அளவில் ஒரு டி கீ வாங்கினேன். நான் ஷாக் கழற்றும் பேச்சு விருதுநகர்வரை போயிருக்கிறது. அடுத்த வருஷம் அந்த ஷோரூமில் இருந்து ஒருவர் வந்தார். "மொதலாளி அந்தக் கீய ரெண்டு நாளைக்குக் கேட்டாக. ஷாக்கு கம்ப்ளெயிண்டு நெறைய வருது."

கழட்டுற ஐட்டமே இல்லை என்று சொன்ன அதே முதலாளி. எனக்குக் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

"தாரேன். ஷாக் சைக்கிள் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கீ ஒண்ணு சேத்துக் குடுப்பாகளா? கேட்டுட்டு வாங்க."

கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. தம்பிகளே, நீங்கள் எதை விற்றாலும் அதைத் திறக்கும் கருவியின் பெயரையாவது வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கீ என் வாசல் ஆணியில்தான் தொங்குகிறது, காகிதக் குழாயும் பக்கத்திலேயே. வீட்டில் தானே ஷாக் கழற்றிப் பார்க்க நினைக்கும் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த ஷோரூமுக்கு மட்டும் இல்லை.