வீணை வாசித்த மீன்கடை

என் மாணவி சரண்யா தன் அம்மாவைப் பற்றி எடுத்த வீடியோ வகுப்பில் ஓடியது. "வா கண்ணு, சங்கரா பாரு, இப்பதான் வந்துச்சு!" என்று மீன் விற்கும் அவள் அம்மா திரையில் கூவியதும் நான் என் சிறுவயதுக் கோவளத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐஸ் தண்ணீரில் கால் ஊற நின்று அம்மா மீன் விற்பதை, பத்தாம் வகுப்பு புராஜெக்டுக்காக சித்தப்பாவின் செல்போனில் வீடியோ எடுத்தேன். "ஒரே இரைச்சல்" என்று சொல்லி, டீச்சர் அதில் அம்மாவின் குரலை நீக்கிவிட்டு வீணை இசையைச் சேர்த்தார். ஆண்டு விழாவில் அது ஓடியபோது அம்மா திரையையே பார்த்தாள்.

"இன்னாடி, வீணை வாசிச்சிகினா மீன் விக்கிறேன்?" என்று சிரித்தாள். பிறகு விழா முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

வகுப்பில் வீடியோ முடிந்ததும் சரண்யா என் அருகில் வந்தாள்.

"மிஸ், அம்மா கூவுற சத்தத்தை எடுத்துடவா?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

"எங்கம்மாதான் எடுக்கச் சொன்னாங்க மிஸ். ஸ்கூல்ல சிரிப்பாங்களாம்."