ஒரு ஐடி நேர்காணலும் கிள்ளான் துணிக்கடையில் பரமேஸ்வரியும்

இந்தப் பக்கத்தில் வால்பாறை, மேகமலை என்று படித்துப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் போனது வேலை தேடி.

கோயம்புத்தூரில் பதினைந்து வருடம் மென்பொருள் சோதனையாளராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே பிழை என்று தேடிச் சொல்லும் வேலை. சென்ற வருடக் கடைசியில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்று. விண்ணப்பிக்க உட்கார்ந்தால் பாதிப் பதவிகளின் பெயரே புதிதாக இருந்தது. பதில் மதிப்பீட்டாளர், உரையாடல் வடிவமைப்பாளர், தரவுக் குறிப்பாளர். எல்லாம் செயற்கை நுண்ணறிவைச் சுற்றி முளைத்தவை. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் சேவை நிறுவனம் மட்டும் இணையத்தில் இரண்டு சுற்றுப் பேசிவிட்டு, மூன்றாவது சுற்றுக்கு நேரில் கூப்பிட்டது. மார்ச் மாதம் கிளம்பினேன். இப்போது இப்படிக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் ஐம்பத்தைந்து ரிங்கிட், அரை மணி நேரம். பேருந்து பதினைந்து ரிங்கிட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நான் பேருந்தில் போனேன். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன விடுதி, இரவுக்கு நூற்றுப் பத்து ரிங்கிட். அறையில் ஜன்னல் கிடையாது என்பதைப் பதிவு செய்யும்போதே கவனித்திருக்க வேண்டும். கீழே இறங்கினால் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டாலிங் ஜெயாவுக்கு வாடகைக் கார் எடுத்தேன். பத்து கிலோமீட்டர்தான், நெரிசலில் நாற்பது நிமிடம் ஆனது. ஓட்டுநர் சாலாக் செலாத்தான்காரர், தமிழர்.

"இன்டர்வியூவா? ஐடியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மவ ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ் முடிக்கப் போறா. ஐடி எடுக்கவான்னு கேக்குறா. எடுக்கலாமாக்கா?"

"எடுக்கட்டும்ங்க. ஆனா..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு அவரே வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

நேர்காணலில் காதொலிக் கருவியைக் கொடுத்துச் சில பதிவுகளைக் கேட்கச் சொன்னார்கள். இணைய இணைப்பு பழுதானவர்கள் அழைக்கிறார்கள், ஓர் இயந்திரம் தமிழில் பதில் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான் மதிப்பெண் போட வேண்டும். ஒரு பதிவில் பெரியவர் ஒருவர் கோபத்தில் கத்துகிறார். இயந்திரம், "பதறாதீங்க அங்கிள். ஒன்னு ஒன்னா பாப்போம் லா," என்கிறது, அந்த ஊர்த் தமிழில். அவர் அடங்கிவிடுகிறார். எனக்கே பதற்றம் அடங்கியது போலிருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். அடுத்ததாகத் தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் இதே சேவை தொடங்கப் போவதாகவும், கோயம்புத்தூர்ப் பேச்சுத் தெரிந்த ஒருவர் தேவை என்றும் மேலாளர் சொன்னார். நான் ஏன் கூப்பிடப்பட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த வேலையைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஜோஸ்பின். அதே நிறுவனத்தில் இருக்கிறார், வீடு கிள்ளானில். அவர்களுடைய மென்பொருளை நான் சோதித்த ஏழு வருடமும் வாரம் ஒருமுறை அழைப்பில் பேசியிருக்கிறோம். முகம் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளானுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு, பயணம் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஞாயிறன்று வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

கிள்ளான் நிலைய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்ட ஜோஸ்பின் விடவே இல்லை.

"சாப்புடுறதுக்கு முன்னாடி ஒருத்தர பாக்கணும் கவி. தனியா போக முடியல எனக்கு."

நடந்துகொண்டே சொன்னார். பரமேஸ்வரி எட்டு வருடம் அவருக்குப் பக்கத்து இருக்கை. இயந்திரத்தைப் பழக்க, தமிழ்ப் பிரிவின் அழைப்புகளில் நல்லவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஜோஸ்பினுக்கு வந்தது. "முக்காவாசி பரமேஸோட கால்தான் எடுத்தேன். அவதான் அழகா பேசுவா. வேற யார எடுக்குறது?" இயந்திரம் நன்றாகப் பேசத் தொடங்கியதும் தமிழ்ப் பிரிவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜோஸ்பினை மட்டும் உரையாடல் வடிவமைப்பாளர் என்று வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பரமேஸ்வரி அவர் அழைப்பை எடுப்பதில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புடவைக் கடைகள் நிறைந்த தெரு. ஒரு கடைக்குள் நுழையும்போது வயதான அம்மா ஒருவர் ரவிக்கை அளவு தப்பென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த பெண் நிமிராமல் சொன்னார்: "பதறாதீங்க ஆன்டி. ஒன்னு ஒன்னா பாப்போம் லா."

யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா போனதும் பரமேஸ்வரி எங்களைப் பார்த்தார். "வா ஜோ. சாப்டியா?"

ஜோஸ்பின் மனப்பாடம் செய்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னார். "தரம் பாக்குற டீம்ல ஒரு எடம் இருக்கு பரமேஸ். ஆறு மாச கான்ட்ராக்ட். உன் பேர சொல்லியிருக்கேன்."

"என்ன வேல?"

"அது பேசுறத கேக்கணும். தப்பா பேசுனா திருத்தணும்."

பரமேஸ்வரி ஒரு புடவையை மடித்து முடித்தார். "போன மாசம் வீட்டுல இன்டர்நெட் லைன் போச்சு. நாம எடுத்துட்டிருந்த அதே நம்பருக்கு அடிச்சேன். நான் எப்படி பேசுவேனோ அப்படியே பேசுது ஜோ. எங்கிட்டயே பதறாதீங்க அக்கான்னு சொல்லுது. வச்சிட்டேன். ஒரு வாரம் லைன் இல்லாமயே இருந்தோம். ஏம்மா கம்ப்ளெய்ன் பண்ணலன்னு மவன் கேட்டான். அவன்கிட்ட என்னன்னு சொல்ல?"

"நான் வேணும்னு செய்யல."

"தெரியும். நல்லாருக்குன்னுதானே எடுத்த." மடித்த புடவையை அடுக்கில் வைத்துவிட்டு, "ஆறு மாசத்துக்கு அப்புறம்?" என்று கேட்டார்.

ஜோஸ்பின் அழ ஆரம்பித்தார்.

"அழாத. கடையில ஆள் இருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஊர்ல இருந்து வந்தீங்களா? இதே வேலைக்கா?"

"ஆமாங்க."

"கெடச்சா போங்க. வீட்டப் பாக்கணும்ல."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மகளுக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பக்கத்து உணவகத்தில் வாழையிலை போட்டுச் சாப்பாடு வந்தது. ஜோஸ்பின் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ரயிலேற்றிவிடும்போது மட்டும், "அவ வரமாட்டா, தெரியும். கேக்காமயும் இருக்க முடியல," என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். நேர்காணல் அழைப்பின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும். பிற்பகலில் மழை உண்டு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். பதவியின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தமா, எத்தனை மாதம், இயந்திரம் கற்றுக்கொண்ட பிறகு உங்களுக்கு என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மேலாளர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், ஆனால் நாம் கேட்காததை அவர்களாகச் சொல்வதில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வருட ஒப்பந்தம். மலேசியா போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். கணவரின் சம்பளத்தில் மட்டும் வீடு ஓடாது. சேர்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் பேசுவது போலப் பதில்கள் எழுதிக் கொடுப்பதுதான் முதல் பணி. இயந்திரம் வரும்வரை இப்படிப்பட்ட பதில்களைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு இதே ஊரில் ஏதோ ஒரு மாடியில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். "வருந்த வேண்டாம், தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்கிற மாதிரியே ஒரு வாரம் எழுதி அனுப்பினேன். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மேலாளர் பொறுமையாகத் திருப்பி அனுப்பினார், இன்னும் உங்கள் ஊர் போல வேண்டும் என்று.

நேற்று மாலை, "ஒன்னும் ஆகாதுங்க, நான் பாத்துக்கறனுங்க," என்று தட்டினேன். காய்ச்சல் வந்த என்னிடமும் கடன்காரரிடமும் என் அம்மா பேசிய விதம் அது, நான் பேசும் விதமும் அதுதான். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து பசிக்கிறது என்றாள். எழுந்து போய் இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. இதுதான் வேண்டும், இன்னும் எழுதுங்கள் என்று.