நூற்று எழுபத்தைந்து மணி நேரம்

இர்யா படகை விற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொன்னார்கள். புருஷன் செத்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் என்ன அவசரம் என்றார்கள் பாதிப் பேர். வைத்துக்கொண்டு என்ன செய்வாள், அவளுக்கு ஓட்டவா தெரியும் என்றார்கள் மீதிப் பேர். அவளிடம் நேரில் கேட்டவர் ஒருவரும் இல்லை. ரௌமா நகரத்துக்குத் தெற்கே இந்தக் கரையில் அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

நவம்பரில் புருஷன் என்சியோவை அடக்கம் செய்த நாளிலிருந்து இர்யாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவில்லை. தூங்கினாள், சாப்பிட்டாள், வாசலில் பனியைத் தள்ளினாள். முப்பத்தோரு வருஷம் சுகாதார நிலையத்தில் பல் வைத்தியருக்கு உதவியாக இருந்தவள். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஒவ்வொருவரிடமும், "ரெண்டு மணி நேரம் எதையும் மெல்லாதீங்க, கன்னத்தக் கடிச்சாலும் தெரியாது" என்று சொல்லி அனுப்புவாள். இப்போது அவளுடைய நிலைமையும் அதுதான். என்ன, ரெண்டு மணி நேரம் ஆறு மாதமாக நீண்டுவிட்டது.

அடக்கத்துக்கு லௌரி வரவில்லை. ஒரே மகன். அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அந்தச் சண்டையே இந்தப் படகால் வந்ததுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நடுக்கோடை விழாவன்று, இருபத்துநாலு வயது லௌரி அப்பாவைக் கேட்காமல் படகை எடுத்துக்கொண்டு போனான். வயிற்றுக்குள் ஆறு பீர், படகுக்குள் நாலு நண்பர்கள். நேராகப் பாறையில் ஏற்றினான். யாருக்கும் பெரிய அடியில்லை; படகின் இடது பக்கம் மட்டும் கிழிந்துபோனது. என்சியோ மேஜையை ஓங்கிக் குத்தினான்.

"மன்னிப்புக் கேக்காம இந்த வாசல்ல கால வைக்காத!"

"கேக்க மாட்டேன். படகையே கட்டிக்கிட்டு அழுங்க!"

முடிந்தது கதை. ஒன்பது வருஷம் பேச்சில்லை.

இர்யா என்ன செய்தாள்? புருஷன் பக்கம் நின்றாள். பிடித்துப்போய் நிற்கவில்லை, ஒரு வீட்டில் ரெண்டு கட்சி எதற்கு என்று நின்றாள். முதல் வருஷம் போனை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு எடுப்பதும் நின்றது. லௌரி ஹாபலஹ்தி விரிகுடாக் கரையில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான் என்பதே மளிகைக் கடையில் பில் போடுகிற பெண் சொல்லித்தான் தெரியும். காரில் போனால் கால் மணி நேரம். போகவில்லை. இப்போது என்சியோவும் இல்லை, தடுக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் இப்போது போய் நின்றால் அந்த ஒன்பது வருஷமும் வீண் என்று அவளே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமே. முதலில் இந்தப் படகு முற்றத்தை விட்டுப் போகட்டும், அப்புறம் காரை எடுக்கக் கால் வருகிறதா பார்க்கலாம் என்று நினைத்தாள். அதற்காகத்தான் விற்றாள்.

விளம்பரத்தை அவளே எழுதினாள். எழுதுவதற்கு ஒன்றும் சிரமமில்லை, எல்லாம் என்சியோவின் குறிப்பேட்டில் இருந்தது. எந்த நாள், எந்தத் தீவு, எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றினான் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தான் மனுஷன். கூட்டிப் பார்த்தால் நானூற்று எண்பது மணி நேரம் வந்தது. 'குடும்பத்துக்கேற்ற கேபின் படகு, டீசல் எஞ்சின், நன்கு பராமரிக்கப்பட்டது, இடது பக்கம் பழுது பார்த்தது, டிரெய்லருடன்' என்று போட்டு, அந்த எண்ணையும் சேர்த்தாள்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை தம்பெரேயிலிருந்து ஒஸ்காரியும் அவன் மனைவி ஹெய்னியும் வந்தார்கள். தார்ப்பாயை உருவியதுமே ஒஸ்காரி படகின் அழகில் மயங்கிவிட்டான். ஹெய்னி அப்படி மயங்குகிற ரகம் இல்லை. டிரெய்லர் டயரை உதைத்துப் பார்த்தாள், அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள், இடது பக்கத்து ஒட்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இது யாரு பண்ண வேலை?"

"என் வீட்டுக்காரர்."

"பட்டறைக்காரன்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டான்," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

மூவரும் ஏணி வைத்து ஏறினார்கள். கேபினுக்குள் நாலு பேர் படுக்க மெத்தை, ஒரு ஸ்பிரிட் அடுப்பு. ஜூலை மாதங்களில் இர்யா அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பாள். அடுப்பைப் பார்த்தாள். அடுப்பாகத்தான் தெரிந்தது.

ஒஸ்காரி சாவியைத் திருப்பினான். ஹெய்னி குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

"இர்யா, விளம்பரத்துல நானூத்தி எண்பது மணி நேரம்னு போட்டிருந்தீங்க."

"ஆமா."

"இது அறுநூத்தி அம்பத்தஞ்சு காட்டுது."

இர்யா குறிப்பேட்டை நீட்டினாள். ஹெய்னி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது மனுஷன் எழுதினது. எஞ்சின் ஓடினாத்தான் மீட்டர் ஓடும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"என்சியோ பொய் சொல்ற ஆள் இல்ல."

"நான் அப்படிச் சொல்லல. நூத்தி எழுபத்தஞ்சு மணி நேரம் எங்க போச்சுன்னுதான் கேக்கறேன். வாடகைக்கு ஏதாவது விட்டாரா?"

"ஹெய்னி, விடேன்," என்றான் ஒஸ்காரி.

"என்னத்த விடறது? வாங்கிட்டுப் போய் முழிக்கப்போறது நீ."

வேறொரு பெண்ணாக இருந்தால் முகம் சிவந்திருக்கும். இறந்தவன் பேரில் களங்கம் என்றால் சும்மாவா? இர்யா நின்ற இடத்திலேயே நின்றாள். பேச்சை மாற்றலாம் என்று ஒஸ்காரி பக்கத்திலிருந்த வரைபடத் திரையைத் தட்டினான். கடலும் தீவுகளும் வந்தன. படகு இதுவரை போன பாதைகள் எல்லாம் மெல்லிய சிவப்புக் கோடுகளாக வந்தன. கோடைப் பயணங்கள் நூல் நூலாகச் சிதறிக் கிடந்தன. ஒரு கோடு மட்டும் கயிறு கனத்துக்கு இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நூறு தடவை போய் வந்தால்தான் அப்படித் தடிக்கும். எங்கள் துறையில் கிளம்பி, முனையைச் சுற்றி, ஒரு விரிகுடாவுக்குள் போய் நின்று, அதே வழியில் திரும்பியது.

ஹெய்னி தேதிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "எல்லாம் வியாழக்கிழமை. சாயங்காலம்."

வியாழக்கிழமை சாயங்காலம் இர்யாவுக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. இருபது வருஷமாக அதைத் தவறவிட்டதில்லை. திரும்பி வரும்போது என்சியோ நீராவிக் குளியலுக்குச் சவுனாவைச் சூடாக்கி வைத்திருப்பான்.

"ஒரே எடம், நூறு தடவ," என்று ஹெய்னி சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்காரருக்கு அங்க யாரோ இருந்திருக்காங்க."

"ஹெய்னி!"

"இருக்காங்க," என்றாள் இர்யா. "ஹாபலஹ்தி. என் பையன் வீடு."

இர்யா ஏணியில் இறங்கினாள்.

"தண்ணில விட்டுப் பாக்காம யாரும் படகு வாங்கறதில்ல. வாங்க, அந்தக் கோட்டுலயே போயிட்டு வந்துடலாம்."

ஒஸ்காரியின் காரில் டிரெய்லரை மாட்டி, துறைச் சரிவில் படகை இறக்கினார்கள். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஐம்பது நிமிஷப் பயணம். அவ்வளவு நேரமும் இர்யா பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்சியோ இங்கே தனியாக உட்கார்ந்து போயிருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். சரி, போயிருக்கிறான். பாழாய்ப்போன வீம்பு! மேஜையைக் குத்திச் சொன்ன வார்த்தையைப் பெண்டாட்டி முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டுக்கொண்டு, திருடன் மாதிரிப் போயிருக்கிறான். இது நான் திட்டுவது. அவளுக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

கரைக்கு இருநூறு மீட்டர் முன்னால் அந்தக் கோடு முடிந்தது. ஒஸ்காரி வேகத்தைக் குறைத்தான். மேலே சிவப்பு வீடு, கீழே மரத்துறை. எஞ்சின் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஒருத்தன் ஓடி வந்தான். கையில் பெயிண்ட் பிரஷ். துறையின் நுனிக்கு வந்து கையைப் பாதி தூக்கியவன், ஓட்டுகிற ஆளைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டான்.

"இன்னும் கிட்டப் போங்க," என்றாள் இர்யா. "துறையோட அணைச்சு நிறுத்திடுங்க."

அவனுக்கு முன்மண்டையில் முடி ஏறியிருந்தது. என்சியோவுக்கும் இந்த வயதில் அப்படித்தான். கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டு லௌரி நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா."

"அப்பா இங்க வந்தாரா?"

"வியாழக்கிழமை ஆனா வருவாரு. படகச் சரி பண்ணி முடிச்சதுலேருந்து, ஏழு வருஷமா. அதோ, அங்க எஞ்சின நிறுத்திட்டு நிப்பாரு."

"என்ன பேசுவாரு?"

"பேச மாட்டாரு. நான் கையக் காட்டுவேன், அவரும் காட்டுவாரு. கொஞ்ச நேரம் நிப்பாரு, போயிடுவாரு." பிரஷை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நானும் பேசல. மூணாவது வருஷமே மன்னிப்புக் கேட்டிருப்பேன். கத்தினா அவருக்குக் கேக்கும். கத்தல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா."

"யாருக்கு? ஒவ்வொரு தடவையும் கேபின் ஜன்னலத்தான் பாப்பேன், நீ உள்ள இருக்கியான்னு. அப்பா வராரு, நீ வரல. அப்போ உனக்குத்தான் கோவம் தீரலன்னு நெனச்சிக்கிட்டேன். செத்த பொறவு வந்து நின்னா நீ வெரட்டிடுவியோன்னுதான் அடக்கத்துக்குக்கூட வரல."

ஹெய்னி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஸ்காரி தொண்டையைச் செருமினான். "நாங்க வேணா ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுமா?"

"வர வேணாம்," என்றாள் இர்யா. "படகு உங்களோடதுதான். கேட்ட விலைல மீட்டருக்காக ஹெய்னி எவ்வளவு கொறைக்கணும்னு நெனக்கிறாங்களோ கொறைச்சுக்கட்டும். எங்க துறைக்குப் போயி டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. கையெழுத்து திங்கக்கிழமை போடலாம்."

பெஞ்சிலிருந்து எழுந்து, ஒரு காலைத் துறைமேல் வைத்தாள். கட்டியிருந்த கயிறு நீள, படகு விலகியது. லௌரி பிரஷைக் கீழே போட்டுவிட்டு அவளுடைய ரெண்டு கையையும் பிடித்து இழுத்தான். அவள் கோட்டெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். ஒஸ்காரி கயிற்றை அவிழ்த்து, படகு திரும்பி முனையைச் சுற்றிப் போகும் வரை ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கையை அவனும் விடவில்லை, அவளும் விடவில்லை.

"உம்மேல எனக்குக் கோவமே இல்லடா," என்றாள் இர்யா. அவள் தாடை நடுங்கியது. "ஒம்பது வருஷத்துல ஒரு நாள்கூட வந்ததில்ல. அந்த மனுஷன் மேல இப்பத்தான் வருது."