ஸ்கேனரில் வந்த தமிழ்க் குரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் மனைவியும் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். பின்னேரங்களில் ஜன்னலோரம் இருந்து, மேலே போகும் விமானங்களைப் பார்ப்பேன். விமானிகள் பேசுவதைக்கூடக் கேட்கலாம் என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். அதை நம்பி, பழைய சாமான் சந்தையில் ஒரு ரேடியோ ஸ்கேனர் வாங்கினேன். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. உச்சியில் ஏரியல், முகத்தில் கால்குலேட்டரில் இருப்பதுபோல எண் பொத்தான்கள்.

விளக்கப் புத்தகம் கிடைக்கவில்லை. அலைவரிசை எண்ணை அடித்துப் பொத்தானை அழுத்தினால் திரையில் ‘எரர்’ என்று வரும். நடுவில் புள்ளி வைக்க மறந்திருப்பேன். சரியாக அடித்தாலோ ஒரே இரைச்சல். இரைச்சலை அடக்கும் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் பேச்சும் சேர்ந்து அடங்கிவிடும். ஒருவழியாக ஒரு விமானியின் குரல் வந்தபோது, அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள், ஸ்கேனரைத் தானாகவே தேட விட்டேன். எண்கள் ஓடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றன. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு ஒரு பெண் குரல், அதுவும் தமிழில்.

“அழாதையடா ராசா. அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு.”

“இஞ்ச ஓடி வாரும்!” என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

ஸ்கேனரில் அகப்பட்டது, தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அடுத்த அறையிலிருந்து பிள்ளையின் சத்தத்தைக் கேட்கும் ஒரு கருவியின் அலை. சில வீடுகள் தூரம்தான் அது எட்டும். அந்தப் பெண் எங்கோ பக்கத்தில்தான் இருந்தாள். பிள்ளை ஓய்ந்தபின் அவள் அழத் தொடங்கினாள். “நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?” என்று தனக்குத்தானே கேட்டாள்.

“ஏதாவது சொல்லுங்கோவன்” என்றாள் மனைவி.

“இதிலை கேக்கத்தான் ஏலும். கதைக்க ஏலாது.”

மனைவி ஸ்கேனரை என் கையிலிருந்து வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்து, “தங்கச்சி” என்றாள். அழுகை தொடர்ந்தது.

அந்த எண்ணைச் சேமித்து வைத்தேன். அதன்பின் பின்னேரங்களில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்டு ஒன்றும் செய்யவும் முடியவில்லை. ஒருமுறை ஸ்கேனரைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இருவரும் தெருத் தெருவாக நடந்தோம். ஒரு தெரு முடக்கில் குரல் தெளிந்தது. எதிரே ஒரே மாதிரியான கதவுகள், இழுத்துவிட்ட திரைகள்.

“தட்டிப் பாப்பமே?” என்றாள் மனைவி.

“எந்தக் கதவை? தட்டி என்னத்தைச் சொல்லுறது? நீர் அழுறது எங்களுக்குக் கேக்குது எண்டோ? பயந்து போகும் அந்தப் பொம்பிளைப் பிள்ளை.”

திரும்பி வந்துவிட்டோம்.

சில நாள் கழித்துத் தமிழ்க் கடையில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு இளம்பெண், முருங்கைக்காய் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டாள். அதே குரல். தலை வாரி, பொட்டு வைத்து, சிரித்த முகமாக நின்றாள்.

மனைவி வண்டிக்குள் குனிந்து பார்த்தாள். “எத்தினை மாசம்?”

“நாலு, அக்கா.”

“தனியப் பாக்கிறது கஷ்டமெல்லே?”

“இல்லை அக்கா. இவர் நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை.”

“நாங்கள் பக்கத்திலதான் இருக்கிறம். பச்சைக் கதவு வீடு, மேல்மாடி. எப்ப வேணுமெண்டாலும் வாரும்.”

“ஓம் அக்கா, வாறன்.”

அவள் வரவில்லை. அன்று பின்னேரமும் அழுகை கேட்டது. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்த எண்ணில் எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. வீடு மாறிப் போனாளோ, கருவி பழுதானதோ, யாராவது துணைக்கு வந்தார்களோ, எங்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கும் அவளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கியிருக்கக்கூடிய காலத்திலும், மனைவி தெருவில் காணும் தள்ளுவண்டிகளுக்குள் எல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.